ஏழாம் மாடியின் வாக்கு

அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தல் முடிவு வந்து ஆறாம் நாள், ஒஸ்லோவின் ஹவுகன்ஸ்டுவாவில் ஒரு லிஃப்ட் நின்றது. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றுதான் கிருஷ்ணகுமாரி மூன்று நாள் வரைக்கும் நம்பியிருந்தாள்.

அவள் இருந்தது ஏழாம் மாடியில். அவளுடைய மனுசன் சந்திரகுமாருக்குச் சலரோகம் முதலில் கண்பார்வையை மங்க வைத்து, பிறகு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து, கடைசியில் இரண்டு சிறுநீரகத்தையும் முடித்துவிட்டிருந்தது. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். நோயாளர் வாகனம் பதினொரு மணிக்கு வந்து சக்கர நாற்காலியோடு கொண்டுபோய், பின்னேரம் ஐந்தரைக்குக் கொண்டுவந்து விடும். ஒரு நாள் தப்பினால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். இரண்டு நாள் தப்பினால் என்ன ஆகும் என்று அவள் தாதியிடம் கேட்டிருக்கிறாள். தாதி அவளுடைய தோளைத் தடவினாள்.

லிஃப்ட் பார்க்க வந்தவர் யூலியன். மன்னாரில் பிறந்து, பேர்கனில் படித்து, நாற்பது வயதுக்குள் ஒஸ்லோவின் பாதி லிஃப்டுகளைத் தெரிந்துவைத்திருந்த மனிதர். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"அக்கா, கொன்ட்ரோல் போர்ட் எரிஞ்சு போச்சு. புதுசு எங்கடை ஸ்டோரிலை கிடக்கு. போட அரை நாள் வேலை. சங்கத் தலைவர் ஒரு கையெழுத்து வைச்சாக் காணும்."

"அப்ப நாளைக்கு ஓடுமோ?"

"கையெழுத்து வந்தா நாளைக்கு ஓடும்."

அந்தப் போர்டைச் செய்த கொம்பனியின் தலைமையகம் அமெரிக்காவில் இருந்தது. விலைத்தாளின் மேல் மூலையில் சின்னதாகக் கொம்பனியின் பெயரும் ஊரும் அச்சடித்திருந்தது. சங்க நிர்வாகக் குழு அந்த மூலையைத் தாண்டி வாசிக்கவில்லை.

பொரெத்ஸ்லாக் என்று சொல்கிற குடியிருப்புச் சங்கம் அது. அறுபத்து நாலு வீடு, ஐந்து பேர் கொண்ட நிர்வாகக் குழு. ஐந்து பேரும் தரைத்தளத்திலும் முதலாம் மாடியிலும் இருப்பவர்கள். விதியில் அப்படி ஒன்றும் இல்லை. கூட்டம் நிலக்கீழ் அறையில் நடப்பதால் கிட்ட இருப்பவர்கள் வந்து சேர்ந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை கூட்டம். சந்திரகுமாரை இரண்டு ஆட்கள் படிக்கட்டு நாற்காலியில் கட்டி ஏழு மாடி தூக்கிவந்து விட்டுப் போன கையோடு கிருஷ்ணகுமாரி கீழே ஓடினாள். அறைக்குள் கோப்பியும் வாப்பிள் அப்பமும் மணத்தன. முதலாவது விடயம், நிகழ்ச்சி நிரலை ஏற்றுக்கொள்ளல். இரண்டாவது, கூட்டம் முறைப்படி அழைக்கப்பட்டதா என்பதை ஏற்றுக்கொள்ளல். மூன்றாவது, குப்பை அறை. நாலாவது, லிஃப்ட்.

நாலாவது விடயத்தைத் தலைவர் ஹோகன் எழுந்து நின்று தொடங்கினார். எழுபத்தொரு வயது, முன்னாள் வங்கிக்காரர், நேரான முதுகு.

"அமெரிக்காவில் வென்ற அந்த மனிதரை நான் ஆதரிக்கவில்லை, இதைத் தெளிவாகக் குறித்துக்கொள்ளுங்கள். நான் சந்தையை ஆதரிக்கிறேன். சந்தை அவரை ஆதரிக்கிறது. அதற்கு நான் பொறுப்பில்லை. இப்போது விலைகள் எல்லாம் தங்களுக்குரிய இடத்தைத் தேடிக்கொண்டிருக்கின்றன. ஜனவரி இருபதாம் திகதி அவர் பதவியேற்ற பிறகு இறக்குமதி வரி தெளிவாகும், டொலர் அமைதியாகும். அதற்கு முதல் ஒரு போர்டை வாங்குவது உறுப்பினர்களின் பணத்தைக் காற்றில் எறிவது. பொறுமையும் ஒரு முதலீடுதான்."

சிலர் கை தட்டினார்கள். உப தலைவி ராண்டி கை தட்டவில்லை. ஓய்வுபெற்ற சமூகபாட ஆசிரியை. கோப்பிக் கோப்பையை மேசையில் வைத்த சத்தத்திலேயே அவருடைய பேச்சு தொடங்கிவிட்டது.

"விலை அல்ல இங்கே பிரச்சினை. அந்தப் போர்டை வாங்குவது ஒரு வாக்கு. பணக்காரருக்கு வரியைக் குறைத்து ஏழையின் வைத்தியத்தை வெட்டுகிற அரசியலுக்கு நம்முடைய சங்கம் வாக்களிக்கப் போகிறதா? அப்படி ஓடுகிற லிஃப்டில் என்னுடைய மனச்சாட்சியோடு என்னால் ஏற முடியாது."

ராண்டி தரைத்தளத்தில் இருந்தார். பத்து வருடத்தில் அவர் அந்த லிஃப்டில் இரண்டு தரம் ஏறியிருந்தார், இரண்டும் ஏழாம் மாடியில் யாரோ சத்தமாகப் பாட்டுப் போட்டதைக் கண்டிக்க.

அடுத்தது குகநேசன். குழுவில் இருந்த ஒரே தமிழர். மரக்கறிக் கடை வைத்திருந்தார். சொத்து வரியால் நோர்வேயின் பணக்காரர் எல்லாம் சுவிசுக்கு ஓடிவிட்டார்கள், இன்னும் யார் யார் ஓடப்போகிறார்கள் என்று விரல் விட்டு எண்ணினார். தனக்கு அந்த வரி இன்னும் வந்ததில்லை என்றும், ஆனால் வரக்கூடிய நாளை நினைத்து இப்போதே வலிக்கிறது என்றும் சொன்னார். அதற்கு ஒருவர் மறுப்புச் சொன்னார். மறுப்புக்கு ஒரு நிமிடம் மறுமறுப்பு. பேச்சு சூரிச்சுக்குப் போய், எண்ணெய் நிதிக்கு வந்து, மின்சாரக் கட்டணத்தில் தட்டி, திரும்ப வாஷிங்டனுக்குப் போனது.

கிருஷ்ணகுமாரி கையை உயர்த்தினாள். பேச்சாளர் பட்டியலில் பதினாலாவதாக அவளுடைய பெயர் எழுதப்பட்டது. பதின்மூன்றாவது ஆள் பேசி முடித்தபோது எட்டரை மணி ஆகிவிட்டது.

"அறையை எட்டரைக்கு விட வேண்டும்," என்றார் ஹோகன். "உணர்வுபூர்வமான, ஆனால் தரமான விவாதம். எல்லா வீடுகளிடமும் எழுத்தில் கருத்துக் கேட்போம். அதற்குப் பிறகு விசேட பொதுக்கூட்டம். பதினாலாவது பேச்சாளருக்கு நன்றி."

"நான் இன்னும் பேசவில்லை," என்றாள் அவள் நோர்வே மொழியில்.

"அதற்கும் நன்றி," என்றார் ஹோகன்.

வெளியே வந்ததும் குகநேசனைப் பிடித்தாள். "குகநேசன் அண்ணை, நீங்களாவது ஒரு வசனம் சொல்லியிருக்கலாமே. அந்தாளை ஏழு மாடி தூக்கி ஏத்துறாங்கள்."

"தங்கச்சி, விளங்குது. ஆனா இது கொள்கை விசயம். இஞ்சை பதினொரு தமிழ் வீடு இருக்கு. நாங்கள் ஒரு பக்கம் நிண்டாத்தான் மதிப்பு. நான் ஹோகனோடை கதைச்சிட்டன், நீங்களும் எங்கடை பக்கம்தான்."

"உங்கடை பக்கம் லிஃப்ட் ஓடுமோ?"

"காலப்போக்கிலை," என்றார் குகநேசன்.

திங்கட்கிழமை தபால் பெட்டியில் கருத்துக் கேட்கும் படிவம் கிடந்தது. நாலு பக்கம். வரி குறைய வேண்டுமா, கூட வேண்டுமா? உலகச் சந்தை நம்பத்தக்கதா? வெளிநாட்டுத் தேர்தல் முடிவுகளுக்குச் சங்கம் பதிலளிக்க வேண்டுமா, ஆம் என்றால் எந்தத் தொனியில்? கிருஷ்ணகுமாரி மேசையில் இருந்து நாலு பக்கமும் மனுசனுக்கு வாசித்துக் காட்டினாள்.

"லிஃப்டைப் பற்றி எந்தப் பக்கத்திலை?" என்று கேட்டார் சந்திரகுமார்.

"ஒரு பக்கத்திலையும் இல்லை."

படிவத்தின் ஓரத்தில் அவள் பெரிய எழுத்தில் எழுதினாள்: லிஃப்ட் ஓட வேண்டும். நாலு நாளில் பதில் வந்தது. அவளுடைய கருத்து எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்காததால் "முடிவெடுக்காதோர்" என்ற பிரிவில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அந்தப் பிரிவில் அவள் ஒருத்திதான்.

அதற்குப் பிறகுதான் இரண்டு பக்கமும் அவளைக் கண்டுகொண்டன. நுழைவாயில் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: "ஏழாம் மாடியின் நோயாளிக்காக, வரிக்குறைப்பு அரசியலை எதிர்ப்போம்." மறுநாள் அதற்குப் பக்கத்தில் இன்னொன்று: "ஏழாம் மாடியின் நோயாளிக்காக, சந்தையைச் செயல்பட விடுங்கள்." சந்திரகுமாரைத் தூக்கி இறக்குகிற ஆட்கள் இரண்டு தாளுக்கும் நடுவால்தான் கதவைத் திறந்தார்கள்.

அந்தக் கிழமையே இரண்டு தொலைபேசி வந்தது. முதலாவது நோயாளர் வாகனக் காரியாலயம். தூக்குபவர்களின் முதுகைப் பாதுகாக்கப் புது ஒழுங்கு, இருபத்தெட்டாம் திகதியில் இருந்து நாலு மாடிக்கு மேல் தூக்க மாட்டார்கள். இரண்டாவது வைத்தியசாலை. லிஃப்ட் ஓடும் வரைக்கும் நகரின் தெற்கே ஹவுகெட்டோப் பக்கம் ஒரு பராமரிப்பு இல்லத்தில் ஒரு கட்டில் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

அவள் இரண்டையும் சந்திரகுமாரிடம் சொன்னாள். அவர் முகத்தை யன்னல் பக்கம் திருப்பினார்.

"அங்கை போன ஆக்கள் திரும்பி வந்ததை நான் காணேல்லை, குமாரி."

"லிஃப்ட் ஓடுமட்டும்தானாம்."

"லிஃப்ட் எப்ப ஓடும் எண்டு அவங்களுக்குத் தெரியுமோ?"

அன்றைக்கு, தான் வேலை செய்கிற சிறுவர் பாடசாலைக் குசினியில் அவள் பால் பொங்கவிட்டாள். வடக்கே பாட்ஸ்பியோர்டின் மீன் தொழிற்சாலையில், மீன் வருகிற பட்டி நிற்காமல் ஓட ஓட எட்டு வருடம் மீன் வெட்டியவள் அவள். ஒரு நாள்கூட ஒரு துண்டு தவறியதில்லை.

இருபத்தெட்டாம் திகதி வியாழக்கிழமை. காலை வந்தவர்கள் பழகிய முகங்கள். கடைசி உதவி என்று சொல்லிச் சந்திரகுமாரைக் கீழே இறக்கிவிட்டார்கள். பின்னேரம் கொண்டுவந்த சாரதி புதியவர். நுழைவாயிலில் நாற்காலியின் தடையைப் போட்டுவிட்டுக் கையை விரித்தார்.

"இதற்கு மேல் எனக்கு அனுமதி இல்லை. ஆனால் ஹவுகெட்டோவில் கட்டில் தயாராம். விரும்பினால் இப்போதே கொண்டுபோகலாம். இன்னும் பத்து நிமிடம் நிற்பேன்."

வெளியே சறுக்கும் பனி. டயாலிசிஸ் முடிந்து வந்த சந்திரகுமாரின் உதடு வெளுத்திருந்தது. அவர் அவளைப் பார்த்தார்.

"நீங்கள் போங்கோ," என்றாள் அவள் சாரதியிடம், தமிழில் சொன்னதைக் கவனிக்காமல். பிறகு நாற்காலியைத் திருப்பி, கார்கள் இறங்குகிற சரிவுப் பாதையால் நிலக்கீழ் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

விசேட பொதுக்கூட்டம் நிரம்பியிருந்தது. நாற்பத்தேழு வீடு வந்திருந்தது. வீட்டுக்கு ஒரு வாக்கு. மேசையில் இரண்டு தீர்மானங்கள் கிடந்தன. ஹோகனுடையது: சந்தை தெளியும்வரை கொள்வனவை ஒத்திவைப்பது, புதிய வரிப் போக்கை எச்சரிக்கையான நம்பிக்கையோடு வரவேற்பது. ராண்டியுடையது: அமெரிக்கக் கொம்பனியைத் தவிர்த்து வேறு நாடுகளில் விலைகோருவது, தேர்தல் முடிவுக்கு ஆழ்ந்த கவலை தெரிவிப்பது.

ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். சந்திரகுமாரைக் காட்டியும் பேசினார்கள். "இதோ, விலைவாசியால் பாதிக்கப்பட்ட மனிதர்," என்றார் ஹோகன். "இதோ, வரிக்குறைப்பால் பாதிக்கப்பட்ட மனிதர்," என்றார் ராண்டி. பாதிக்கப்பட்ட மனிதர் தலையை மார்பில் போட்டுக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். கிருஷ்ணகுமாரி அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு துடிப்பை எண்ணினாள். எண்ணுவதைத் தவிர வேறு ஒன்றும் அவளுக்குக் கேட்கவில்லை.

கைகள் உயர்ந்தன. இருபத்துமூன்று. மற்றக் கைகள் உயர்ந்தன. இருபத்துமூன்று.

மிச்சம் ஒரே ஒரு வாக்கு. எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. குகநேசன் புருவத்தால் ஹோகனைக் காட்டினார். ராண்டி கனிவாகச் சிரித்தார்.

கிருஷ்ணகுமாரி எழுந்தாள். "ஒரு கேள்வி. இந்த இரண்டில் எதற்குப் போட்டால் நாளைக்கு லிஃப்ட் ஓடும்?"

ஹோகன் ராண்டியைப் பார்த்தார். ராண்டி ஹோகனைப் பார்த்தார். பதினேழு நாளில் முதல் தடவையாக இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

"அது இன்றைய விடயம் அல்ல."

"சரி," என்றாள் அவள். "என்னுடைய மனுசன் மேலே போக வேண்டும். எந்தப் பக்கம் அவரைத் தூக்கிக்கொண்டுபோய் ஏழாம் மாடியில் விடுகிறதோ, அந்தப் பக்கத்துக்கு என்னுடைய வாக்கு."

செயலாளர் இதை எப்படி எழுதுவது என்று கேட்டார். ராண்டி சட்டைக் கையை மடித்தார். அதைக் கண்டு ஹோகனும் மடித்தார். இருபத்துமூன்று வாக்குக்குப் பொறுப்பான மனிதர் உட்கார்ந்திருக்க முடியாது. குகநேசன் சமூகத்தின் சார்பில் வந்தார். நாலாவது மூலைக்கு, நாலாம் மாடியில் இருந்த சோமாலிய பஸ் சாரதி ஒருவர் எந்தப் பக்கமும் சொல்லாமல் வந்து நாற்காலியின் பாரமான பின்பக்கத்தைப் பிடித்தார்.

முதலாம் மாடிவரை ஹோகன் பேசிக்கொண்டே ஏறினார். இரண்டாம் மாடியில், இடப்பக்கம் தாழ்கிறது என்றார் ஹோகன். வலப்பக்கம் தூக்கவில்லை என்றார் ராண்டி. நாற்காலி சரிந்தது. சந்திரகுமார் கம்பியைப் பற்றினார். "பேசாமல் தூக்குங்கள்," என்றார் பஸ் சாரதி. அதற்குப் பிறகு மூச்சுச் சத்தம் மட்டும்தான். நாலாம் மாடியில் இறக்கி வைத்தார்கள். குகநேசன் சுவரோடு சாய்ந்து, "தங்கச்சி, ஒவ்வொரு நாளும் இப்பிடியோ?" என்று கேட்டார். கேள்வி அவருக்கே புதிதாக இருந்தது. ஐந்தாம் மாடியில் ஹோகனின் கழுத்துப்பட்டி கழன்றது. ஆறாம் மாடியில் அவருடைய வலது முழங்கால் ஒரு சத்தம் போட்டது. ஆனால் அவர் விடவில்லை. ராண்டி விடாத வரைக்கும் அவர் விடமாட்டார்.

ஏழாம் மாடிக் கதவுக்குள் நாற்காலி உருண்டதும் ஹோகன் சோபாவில் விழுந்தார். முழங்கால் வீங்கிக்கொண்டு வந்தது. பின்னால் ஏறிவந்த செயலாளர் பேனையைத் திறந்தார்.

"வாக்கு?"

"தூக்கின பக்கத்துக்கு என்று சொன்னேன்," என்றாள் கிருஷ்ணகுமாரி. "இரண்டு பக்கமும் தூக்கியது. ஆளுக்குப் பாதி எழுதுங்கள்."

பாதி வாக்குக்கு விதியில் இடம் இல்லை. அதை ஆராய ஒரு குழு அமைக்கலாம் என்று ராண்டி சொல்லிவிட்டு, கம்பியைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போனார். குகநேசனும் போனார். ஹோகனால் போக முடியவில்லை. அவசர சிகிச்சைக்காரர்கள் வந்து பார்த்து, முழங்கால் பிசகியிருக்கிறது, படி இறங்கவே கூடாது என்றார்கள்.

"அப்படியென்றால் என்னைத் தூக்கிக்கொண்டு போங்கள்," என்றார் ஹோகன்.

"உயிராபத்து இல்லாவிட்டால் நாலு மாடிக்கு மேல் தூக்க அனுமதி இல்லை. இன்றைக்குத்தான் அமலுக்கு வந்தது."

அவருக்கு அவள் கம்பளி கொடுத்தாள். சோறும் மீன்குழம்பும் கொடுத்தாள். அவர் குழம்புக்கு முதலில் பயந்து, பிறகு இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார். காலை வெளிச்சம் வரும்போது சந்திரகுமார் நாற்காலியிலும் ஹோகன் சோபாவிலும் எதிரெதிரே இருந்தார்கள். இரண்டு பேரும் யன்னலால் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே ஹோகனின் நாயை யாரோ இழுத்துக்கொண்டு போனார்கள். ஹோகன் கண்ணாடியில் தட்டினார். நாய் நிமிரவில்லை.

"கேட்காது," என்றார் சந்திரகுமார். "நானும் தட்டிப் பார்த்திருக்கிறேன்."

ஏழரை மணிக்கு ஹோகன் யூலியனைத் தொலைபேசியில் பிடித்தார். "அவசரம்," என்றார். "சங்க விதி ஒன்பது. அவசரத் திருத்தத்துக்குத் தலைவர் தனியாகக் கையெழுத்து வைக்கலாம். இப்போதே அனுப்புங்கள்." குசினி மேசையில் இருந்து, தொலைபேசித் திரையில் விரலால் கையெழுத்து வைத்தார்.

கிருஷ்ணகுமாரி தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டு நின்றாள். "அந்த விதி முன்பும் இருந்ததா?"

"எழுபத்தொன்பதாம் ஆண்டில் இருந்து இருக்கிறது."

"அப்படியென்றால் முதலே ஏன் கையெழுத்து வைக்கவில்லை?"

ஹோகன் உண்மையாகவே யோசித்தார். அவர் பொய் பேசுகிற மனிதர் இல்லை.

"அப்போது அவசரம் இருக்கவில்லை," என்றார்.

அவள் தேத்தண்ணீரை அவருக்கு முன்னால் வைத்தாள். வைத்த வேகத்தில் பாதி தட்டில் சிந்தியது. அவள் துடைக்கவில்லை.

மத்தியானம் யூலியன் வந்தார். மூன்று மணிக்கு லிஃப்ட் ஓடியது. முதலில் இறங்கியவர் ஹோகன். போகும்போது, வருகிற ஒவ்வொரு கூட்டத்திலும் அவளுக்குப் பேச்சாளர் பட்டியலில் முதல் இடம் தரலாம் என்றார். அவள் கதவைச் சாத்தினாள்.

சனிக்கிழமை பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்க, சந்திரகுமாரைக் கம்பளிக் குல்லா போட்டு லிஃப்டுக்குள் தள்ளினாள். கதவு மூடியது. பொத்தானை அழுத்தியதும் தரை மெல்ல இறங்கியது. பதினெட்டு நாளுக்குப் பிறகு அவர் உடம்பைத் தளர்த்திச் சாய்ந்தார்.

லிஃப்டுக்குள் இருந்த கண்ணாடியின் மேல் புதிதாக இரண்டு தாள் ஒட்டியிருந்தது. ஒன்றில்: "பொறுமையான சந்தை நோக்கின் வெற்றி. இந்த லிஃப்ட் சங்கத் தலைமையின் உறுதியான முடிவால் ஓடுகிறது." மற்றதில்: "மக்கள் அழுத்தத்தின் வெற்றி. வரிக்குறைப்பு அரசியலுக்கு எதிரான போராட்டம் தொடரும்." இரண்டுக்கும் கீழே, பாதி வாக்குக் குழுவின் முதல் கூட்டத்துக்கு நாள் குறித்திருந்தார்கள்.

சந்திரகுமார் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அவருக்கு வெள்ளையாக இரண்டு சதுரம் தெரிந்தது.

"என்னவாம் எழுதியிருக்கு, குமாரி?"

அவள் நாற்காலியின் கைப்பிடியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"கூடப் பாரம் ஏத்த வேண்டாமாம்," என்றாள்.